உள்பக்கத்து பேட்

"இந்த பிரேக் பேட் இன்னும் எவ்வளவு நாளைக்கு ஓடும்?" கராஜுக்குப் பிக்கப் கொண்டு வருகிறவர்கள் அனேகமாக இதைத்தான் முதலில் கேட்பார்கள். திருகோணமலை அநுராதபுரச் சந்திக்குக் கிட்ட இருபது வருடத்துக்கு மேலாக வாகனம் திருத்துகிறேன். இந்தக் கேள்விக்கு ஒருநாள் நான் யோசிக்காமல் சொன்ன பதில் இன்னும் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள். அதுவரை அந்தப் பக்கத்து வாகனங்கள் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி, கடலைக் கடந்துதான் எங்களிடம் வரும். பாலம் வந்த பிறகு கிண்ணியாவிலிருந்து நிறைய வேலை வரத் தொடங்கியது. அப்படி வந்தவர்தான் அந்த நானா; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏற்றி, இரவோடு இரவாகக் கந்தளாய், ஹபரணை தாண்டித் தம்புள்ளை வரைக்கும் கொண்டுபோவார். அன்றைக்கும் அவசரம். பெட்டிக்குள் ஐஸ் போட்டாகிவிட்டது. நான் குந்தியிருந்து, சில்லின் ஓட்டைக்குள்ளால் டோர்ச் அடித்துப் பார்த்தேன். வெளிப்பக்க பேட்டில் 5 மில்லிமீற்றர் அளவில் இருந்தது. "ரெண்டு மாசம் தாராளமா ஓடும் நானா, போயிட்டு வாங்க" என்றேன். சில்லைக் கழற்றவில்லை.

பதினொரு நாளில் திரும்பி வந்தார். முன்சில்லிலிருந்து இரும்பில் அரம் போடுகிற மாதிரிச் சத்தம். கழற்றினால் வெளிப்பக்க பேட் அப்படியே இருக்கிறது. உள்பக்கத்து பேட்டில் தேயும் பகுதி துளிகூட இல்லை. வெறும் இரும்புத் தகடு, சில்லோடு சேர்ந்து சுற்றுகிற டிஸ்க்கோடு உரசிக்கொண்டிருந்தது. டிஸ்க்கில் நகம் மாட்டுகிற ஆழத்துக்கு வரிவரியாகக் கீறல்.

காரணம் ஒரு விரல் நீளமான பின். டிஸ்க்கின் இரண்டு பக்கமும் பேட்டைப் பிடித்திருப்பதுதான் கலிப்பர். இந்த வகைக் கலிப்பரில், பிரேக்கை மிதிக்கும்போது வெளியே வருகிற பிஸ்டன் உள்பக்கத்து பேட்டை மட்டும்தான் நேரே தள்ளும். அந்தத் தள்ளலில் கலிப்பர் முழுவதும் இரண்டு பின்களின் மேல் வழுக்கி வந்து, வெளிப்பக்க பேட்டை டிஸ்க்கோடு இழுத்து அழுத்தும். பின் இறுகினால் கலிப்பர் நகராது. வேலை முழுவதும் உள்பக்கத்து பேட்டின் தலையில் விழும். பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் அது டிஸ்க்கை விட்டு விலகாது. நானாவின் கீழ்ப் பின்னைக் குறட்டால் பிடித்து, திருகித் திருகித்தான் வெளியே எடுத்தேன். றப்பர் உறை கிழிந்திருந்தது. கிறீஸ் இருக்க வேண்டிய இடத்தில் மண்ணிறக் களி. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் மீன் நாற்றம். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பெட்டியிலிருந்து வழிந்து, மாதக்கணக்கில் அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அவர் என்னை ஏசவில்லை. "ஹபரணைக் காட்டுக்குள்ள யானை ஒண்டு ரோட்டில நிண்டிச்சு தம்பி. மிதிச்சன், வண்டி ஒரு பக்கமா இழுத்துக்கொண்டு போச்சு" என்று மட்டும் சொன்னார். அன்றைய கூலியை நான் வாங்கவில்லை. அதனால் மனம் ஆறிவிடவும் இல்லை.

அதற்குப் பிறகு சில்லைக் கழற்றாமல் பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. இடது உள், இடது வெளி, வலது உள், வலது வெளி என்று நான்கையும் அளப்பேன். புது பேட்டில் தேயும் பகுதி பொதுவாக 10 முதல் 12 மில்லிமீற்றர் வரை இருக்கும். 3 மில்லிமீற்றருக்கு வந்தால் மாற்ற வேண்டும் என்பது எல்லாரும் ஏற்ற கணக்கு. பாரம் ஏற்றி இரவில் ஓடுகிற பிக்கப்புக்கு நான் 4 மில்லிமீற்றரிலேயே மாற்றச் சொல்வேன். வியாபாரத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் உண்டு. பேட் மெலிய மெலிய, டிஸ்க்கின் சூடு பிஸ்டனுக்கும் அங்கிருந்து பிரேக் ஓயிலுக்கும் சுலபமாகக் கடக்கும். பிரேக் ஓயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிற சாமான். டொட் 3 என்ற தரத்து ஓயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140க்கு இறங்கிவிடும். ஓயில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. அதனால் ஓயிலையும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறேன்.

ஓயில் டப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஓயில் நிரப்பும், டப்பாவில் மட்டம் இறங்கும். இது வண்டி நமக்குச் சொல்கிற செய்தி. பல பேர் மட்டம் இறங்கினதைக் கண்டதும் ஊற்றி நிரப்பிவிடுகிறார்கள். செய்தி அழிந்துபோகிறது. பிறகு புது பேட் போடப் பிஸ்டனை உள்ளே தள்ளினால் ஓயில் பொங்கி வழிந்து பெயின்ட்டைத் தின்கிறது. மட்டம் இறங்கினால் ஊற்றுவதற்கு முன் பேட்டையும் ஒழுக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சத்தத்தில் இரண்டு வகை. காலையில் முதல் நாலைந்து தரம் மிதிக்கும்போது கரகரத்து, பிறகு இல்லாமல் போனால் அது கடற்காற்றில் இரவோடு டிஸ்க்கில் பிடித்த மெல்லிய துரு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரம் நிற்கிற வண்டிகளுக்கு இது சாதாரணம், பயப்பட ஒன்றுமில்லை. நாள் முழுக்க கீச்சென்று விடாமல் கத்தினால் அது பேட்டோடு சேர்ந்த சின்னத் தகடு டிஸ்க்கைத் தொடுகிற சத்தம். மாற்றும் நேரம் வந்துவிட்டது. மலிவு பேட் சிலவற்றில் அந்தத் தகடே இருக்காது. சத்தம் வரட்டும் பார்ப்போம் என்று காத்திருந்தால், முதலில் கேட்பது இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தமாகத்தான் இருக்கும்.

முன் பேட் வழக்கத்தை விடக் கெதியாகத் தேய்ந்தால் பின்னால் போய்ப் பார்ப்பேன். பெரும்பாலான பிக்கப்புக்குப் பின்சில்லில் டிரம் பிரேக்தான். அங்கே டிரம்மை உள்ளிருந்து அழுத்துகிற ஷூ தளர்ந்து கிடந்தால், பாரத்தோடு வருகிற வண்டியை நிறுத்துகிற வேலை எல்லாம் முன்னுக்கு வந்துவிடும். ஷூவைச் சரிபண்ணாமல் பேட்டை மட்டும் மாற்றிக்கொடுப்பது அரைகுறை வேலை.

2020இல் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் உதிரிப்பாகத்தின் விலையைக் கேட்டாலே ஆட்கள் எழும்பிப் போனார்கள். "ஒரு பக்கத்துக்கு மட்டும் போடுங்கண்ணை, மற்றது அடுத்த மாசம்" என்று தெரிந்த சாரதி ஒருவர் கெஞ்சினார். நான் மறுத்தேன். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் மிதிக்கிற நேரம் வண்டி இழுக்கும். நானா சொன்ன யானை எனக்கு மறக்கவில்லை. இரண்டு பக்கமும் போட்டு, காசை மூன்று தவணையாக வாங்கினேன். அந்தக் காலத்தில் வேறு வழி தெரியவில்லை.

புது பேட் போட்டால் பின்களைக் கழற்றித் துடைத்து, சூடு தாங்கும் கிறீஸ் பூசி, கிழிந்த உறையை மாற்றுவேன். வண்டியை நகர்த்த முன் பெடல் இறுகும் வரை மிதித்துப் பார்ப்பேன். பிறகு நிலாவெளி வீதியில் ஓட்டிப்போய், 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 10க்கு மெதுவாக இறக்கி, இடைவெளி விட்டு எட்டுப் பத்துத் தரம் செய்வேன். அப்போதுதான் பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படியும்.

நானா இப்போது ஓட்டுவதில்லை. மகன் ஓட்டுகிறார். போன மாதம் வந்தபோது உள்பக்கம் 5, வெளிப்பக்கம் 6, இரண்டு பக்கமும் அப்படித்தான். நான்கு எண்ணையும் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மடித்து, வாகனப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, "அடுத்த மாசமும் கழட்டித்தான் பாக்கணும், என்ன?" என்றார். ஓம் என்றேன்.