முள்ளங்கியும் புனலும்

எலக்ட்ரானிக் சிட்டியில் இரவு ஷிஃப்ட். அமெரிக்கக் கடை ஒன்றின் வாடிக்கையாளர்களுக்குப் போனில் பதில் சொல்லும் வேலை. கூடாரம், தூண்டில் என்று ஓடிக்கொண்டிருந்த என்னை ‘ரீலோடிங்’ பிரிவுக்கு மாற்றினார்கள். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டில் தீப்பற்றவைக்கும் புது பிரைமர், வெடிமருந்து, பாய்ந்து போகும் குண்டு வைத்து வீட்டிலேயே மறுபடி தயாரிப்பது அங்கே ஒரு பொழுதுபோக்கு. நம்மூரில் உரிமம் இல்லாமல் பையில் ஒரு தோட்டா இருந்தாலே வழக்குதான். கிருஷ்ணகிரிக்காரி நான் துப்பாக்கி பார்த்ததே வங்கி வாசல் காவலாளியிடம்.

ஒரு பெரியவர் கூப்பிட்டார். .308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டா செய்கிறவர். குண்டைக் கூட்டுக்குள் அழுத்தி இறக்கும் அச்சுதான் சீட்டிங் டை; எவ்வளவு ஆழம் என்பதை அதன் திருகு முடிவுசெய்யும். அந்தத் திருகை அசைக்காமல் பத்து தோட்டா செய்தும், நுனி வரை அளந்தால் நீளம் ஒன்றுக்கொன்று கால் மில்லிமீட்டர் வரை மாறுகிறதாம். திருகை இறுக்கச் சொன்னேன். சரியாகவில்லை. “இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிப் பாருங்கள்” என்றேன். நாற்பது நிமிடம் போனது. கடைசியில் டையை மாற்றித் தருவதாகச் சொல்லிவிட்டேன்.

மூன்று மணிக்கு கேன்டீனில் டீம் லீட் அக்கா பிடித்துக்கொண்டார். கோலார் தங்கவயல்காரர்.

“முனையில அளந்தா எப்படிம்மா சரியா வரும்? புனல்ல முள்ளங்கியைப் போடு. வால் நீளமோ குட்டையோ, பருமன் எங்க முட்டுதோ அங்கதான் நிக்கும்.”

திருகின் அடியில் இருக்கும் கூம்புக் குழியும் புனல் மாதிரிதான்; குண்டின் முனையைத் தொடுவதில்லை, வளைவான பக்கத்தைத்தான் அழுத்துகிறது. நுனியில் துளையுள்ள துளைமுனைக் குண்டுகளின் நுனி ஒரே பெட்டியிலேயே ஏறியிறங்கி இருக்கும். துப்பாக்கிக் குழலின் உள்ளே சுழலாக ஓடும் உள்வரிகளில் முதலில் படுவதும் அந்த வளைவுதான். அதனால் நீளம் அளக்கும் காலிப்பரில் கம்பாரேட்டர் என்ற துளையுள்ள துண்டை மாட்டி, தோட்டாவின் அடியிலிருந்து வளைவு வரை அளக்க வேண்டும். நுனி வரையான மொத்த நீளம், துப்பாக்கியில் தோட்டா அடுக்கும் மேகசினில் அடங்குகிறதா என்று பார்க்கத்தான். சில ஒல்லி நீளக் குண்டுகளில் மட்டும் நுனியே அந்தக் குழியின் ஆழத்தில் முட்டிவிடும். அப்போது நிஜமாகவே திருகை மாற்றத்தான் வேண்டும்.

அப்புறம் அக்கா குரலைத் தாழ்த்தினார். “கீழ இறக்கச் சொன்னியே, கூட்டுக்குள்ள இடம் குறைஞ்சா அழுத்தம் ஏறும், தெரியுமா?” குண்டை வெளியே நீட்டி உள்வரிகளில் முட்டவிட்டாலும் ஏறுமாம். டீ ஆறிப்போனது.

அந்த வார ஆடிட்டில் எனக்கு மதிப்பெண் குறைந்தது. காரணம், வாடிக்கையாளரின் பெயரை மூன்று தடவை சொல்லவில்லை. இறக்கச் சொன்னதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அக்காவிடம் அனுமதி வாங்கிப் பெரியவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்: செய்த தோட்டாக்களைச் சுடாதீர்கள், நீளத்தை மேனுவலோடு ஒப்பிடுங்கள், வளைவில் அளங்கள். மறுநாள் பதில் வந்தது. கம்பாரேட்டர் என்ன விலை என்று கேட்டிருந்தார். பார்த்தேன், ஸ்டாக் இல்லை.