ஒன்பது ஞாயிறுகளில் ஒரு கைப்பிடி

வீடு கட்டி முடித்தது 2013-இல். முடித்தது என்று சொல்வதுகூடக் கொஞ்சம் மிகைதான். மாடிப்படிக்குக் கைப்பிடி வைக்க வேண்டிய நேரத்தில் கையில் காசு தீர்ந்துபோனது. ‘இப்போதைக்கு இருக்கட்டும்’ என்று ஒரு சவுக்குக் கம்பைக் கயிற்றால் கட்டிவிட்டேன். அந்த ‘இப்போதைக்கு’ பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. கோடை விடுமுறைக்கு மூன்று வயதுப் பேத்தி வரப்போகிறாள் என்று செய்தி வந்த பிறகுதான் கம்பைப் பார்க்கவே எனக்கு வெட்கமாகிவிட்டது.

வீடு தூத்துக்குடியில், கடலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்குள். என் பிழைப்பு வேறு. மரவேலை பல ஆண்டுப் பொழுதுபோக்கு, வெல்டிங் இரண்டே ஆண்டுப் பழக்கம். செய்ய வேண்டியவை இரண்டு: உள்ளே பதின்மூன்று படிகளுக்கு ஒரு கைப்பிடி, வெளியே பால்கனிக்கு ஏறத்தாழ 3.7 மீட்டர் நீளத்துக்கு ஒரு கிராதி. மாசி நடுவில் தொடங்கினேன்.

ஞாயிறு 1

அளவெடுக்கப் போனவனுக்கு அம்மா பாதி வேலையை ஏற்கெனவே முடித்து வைத்திருந்தார். கம்பை நம்பாமல் சுவரைத் தடவிக்கொண்டே அவர் ஏறி இறங்கியதில், சுண்ணாம்பில் படிகளின் சாய்வுக்கு இணையாக ஒரு கறுப்புப் பட்டை விழுந்திருந்தது. படியின் மூக்கிலிருந்து, அதாவது முன் விளிம்பிலிருந்து, நேர் மேலே டேப்பைப் பிடித்துப் பார்த்தால் பட்டையின் நடு 34 அங்குலம். அமெரிக்க வீட்டு விதிகள் படிக்கட்டுக் கைப்பிடிக்குச் சொல்லும் உயரம் 34 முதல் 38 அங்குலம் வரை. அம்மா அந்த விதியைப் படித்தவர் அல்லர்.

அடுத்தது பருமன். பி.வி.சி. குழாயில் 25, 32, 40, 50, 63 மில்லிமீட்டர் துண்டுகளை வெட்டி, அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தேன். 63-ஐத் தொட்டதும், “இது தூண் ஐயா, பிடியா?” என்றார். 40-இல் கை நின்றது. என் கைக்கு 50 பிடித்தது. ஆனால் விழப்போகிறவர் நானில்லை என்பதால் 40 என்று முடிவானது. கடைகளில் இப்போது நான்கு அங்குல அகலத் தட்டைப் பலகையைக் கைப்பிடி என்று வைக்கிறார்கள். காபி டம்ளர் வைக்க நல்லது. தடுமாறும்போது விரல்கள் சுற்றி வளைத்துப் பிடிக்க அதில் ஒன்றும் இல்லை.

ஞாயிறு 2

கடை கடையாக ஏறி இறங்கிய நாள். கண்ணாடி அழகுதான். கடினமாக்கிய 12 மில்லிமீட்டர் கண்ணாடி உடைந்தாலும் சிறு சிறு துண்டுகளாகத்தான் கொட்டும். ஆனால் உப்புக்காற்றில் வாரத்துக்கொரு முறையாவது துடைக்க வேண்டும். யார் துடைப்பது என்று கேட்டேன், வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எவர்சில்வர் குழாய்களைக் குறுக்குவாட்டில் ஓட்டும் பாணிதான் இப்போது எங்கும். எனக்கு அது முதல் பார்வையிலேயே தள்ளுபடி. குறுக்குக் கம்பி பெரியவர்களுக்குக் கிராதி, மூன்று வயதுக்கு ஏணி.

எவர்சில்வரை நான் தள்ளியதற்கு வேறொரு காரணமும் உண்டு. தை மாதத்திலேயே இரண்டு குழாய்த் துண்டுகளை வாங்கி மொட்டைமாடியில் தொங்கவிட்டிருந்தேன். எவர்சில்வரின் தரத்தை எண்ணால் சொல்வார்கள். இரண்டையும் 304 என்றுதான் கடைக்காரர் விற்றார். மூன்றாம் வாரம் ஒன்றில் பழுப்புப் புள்ளிகள். சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டுப் பேட்டரியைத் தொட்டதும் அந்தத் துண்டு சிவந்தது. அது 202. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய மலிவு ரகம், மாங்கனீசுதான் அந்தச் சிவப்பு. காந்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்பவர்களுக்கு ஒரு சொல்: 202, 304 இரண்டுமே காந்தத்தில் ஏறக்குறைய ஒட்டாதவை. காந்தம் இங்கே சாட்சி சொல்லாது.

304 துண்டிலும் தேநீர்க் கறை போல ஒரு மங்கல் படர்ந்தது. கடலோரத்தில் அது வழக்கம். மழை அடிக்கடி கழுவும் ஊரென்றால் பரவாயில்லை, எங்கள் ஊர் மழைக்குப் பேர்போனதல்ல. மாலிப்டினம் சேர்ந்த 316 இன்னும் தாங்கும். விலையைக் கேட்டுவிட்டு மரியாதையாக வெளியே வந்தேன்.

ஞாயிறு 3

எனக்கு வெல்டிங் சொல்லிக்கொடுத்த அண்ணாச்சியிடம் போனேன். துறைமுகத்தில் முப்பது ஆண்டுகள் இரும்போடு இருந்தவர். சதுரக் குழாயில் செய்யலாமா என்று கேட்டேன்.

“தம்பி, குழாய் உள்ளேயிருந்து சாகும். கம்பி வெளியேயிருந்து சாகும். வெளியே சாவதைக் கண்ணால் பார்க்கலாம், பார்த்தால் வைத்தியம் செய்யலாம். உள்ளே சாவதைக் கீழே விழுந்த பிறகுதான் பார்ப்பீர்கள்.”

அதோடு பொருள் முடிவானது. உள்ளும் புறமும் கெட்டி இரும்பு. செங்குத்துக் கம்பிகள் 12 மில்லிமீட்டர் சதுரம், மீட்டருக்கு 1.13 கிலோ. கால்கள் 32 மில்லிமீட்டர் கெட்டிச் சதுரம். வெளியில் வைப்பதற்குத் துத்தநாகம் நிறைந்த எபாக்சி பிரைமர் (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு), அதன்மேல் எபாக்சிப் பூச்சு, வெயிலைத் தாங்க அதற்கும் மேல் பாலியூரிதேன். சில ஆண்டுகளுக்கொரு முறை மறுபூச்சு தேவைப்படும். இருக்கட்டும், தூரிகை பிடிக்க எனக்குத் தெரியும். கைபடும் மேற்பகுதி மட்டும் எங்கும் தேக்கு. சித்திரை வெயிலில் எங்கள் ஊர் இரும்பைத் தொட்டவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பால்கனிக் கிராதியின் உயரம் 1,050 மில்லிமீட்டர். கம்பிகளுக்கு இடையே நான்கு அங்குல உருண்டை நுழையக் கூடாது என்பது அமெரிக்கக் கணக்கு. எனக்குப் பிடித்த விதி அது, குழந்தையின் தலையை அளவுகோலாக வைத்த விதி.

இங்கேதான் முதல் சறுக்கல். இரண்டு கால்களுக்கு இடையே 1,180 மில்லிமீட்டர். பத்துக் கம்பிகள் 120-ஐ எடுத்துக்கொண்டால் மிச்சம் 1,060. அதைப் பத்தால் வகுத்து, 106 மில்லிமீட்டர் இடைவெளிக்கு மரக்கட்டை அளவு செய்து, கம்பிகளை வரிசையாக நிறுத்திக்கொண்டே போனேன். பத்தாவது கம்பி போய்க் காலோடு ஒட்டி நின்றது. பத்துக் கம்பிக்குப் பதினொரு இடைவெளி! பள்ளிக்கூடத்தில் வேலிக்கால் கணக்கில் நான் யாரையெல்லாம் கேலி செய்தேனோ, அவர்கள் எல்லோரும் அன்று நினைவுக்கு வந்தார்கள். சரியான இடைவெளி 96.4 மில்லிமீட்டர். நல்ல வேளையாக அதுவரை ஒன்றையும் ஒட்டவில்லை.

படிக்கட்டில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. படியின் அகலம் 250, உயரம் 175. படிக்கு இரண்டு கம்பி வைத்தால் இடைவெளி 113, அதிகம். மூன்று வைத்தால் 71. மூன்றே வைத்தேன். ஆனால் கம்பிகள் ஒட்டப்படுவது சாய்ந்த பட்டையில். கிடைமட்டத்தில் 83.3 என்றால் சாய்வின் மேல் 101.7 என்று குறிக்க வேண்டும். டேப்பைச் சாய்வில் வைத்து 83 என்று குறித்துக்கொண்டே போனால் கடைசிப் படிக்கு வருமுன் கணக்கு எங்கேயோ போய்விடும்.

ஞாயிறு 4, 5

வெல்டிங். சொல்ல அதிகமில்லை. ஒரு பக்கமாகவே ஒட்டிக்கொண்டு போனதில் முதல் சட்டம் வாழை மட்டை போல வளைந்தது. அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு, எல்லாவற்றுக்கும் முதலில் பொட்டுப் பொட்டாக மட்டும் ஒட்டி வை, பிறகு நடுவிலிருந்து இரு பக்கமும் மாற்றி மாற்றி ஒட்டு என்றார். இரண்டாவது சட்டத்தை ரசமட்டம் வைத்துப் பார்த்து நானே நம்பவில்லை.

ஞாயிறு 6

ஒன்பது ஞாயிறுகளில் இந்த ஒன்றைத்தான் நீளமாக எழுத வேண்டும். 304-ஆ 316-ஆ, கண்ணாடியா கம்பியா என்று நாமெல்லோரும் விவாதிப்பது கிராதியின் மேல்பாதியை. கிராதி உயிர் வாழ்வது காலடியில்.

கணக்கு இதுதான். கிராதியின் உச்சியை 90 கிலோ தள்ளினால் தாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம், அமெரிக்க விதியில் வரும் 200 பவுண்டு அதுதான். 1.05 மீட்டர் உயரத்தில் அந்தத் தள்ளல் ஒரு நெம்புகோல். கீழே, காலைத் தரையோடு பிடிக்கும் அடித்தகட்டின் விளிம்புக்கும் போல்ட்டுக்கும் இடையே இருப்பது 75 மில்லிமீட்டர்தான். ஆக, உள்பக்க இரண்டு போல்ட்டுகளும் சேர்ந்து 1,200 கிலோவுக்கு மேல் இழுபடும். மேலே ஒருவர் சாய்கிறார், கீழே ஒரு டன்னுக்கு மேல் பிடுங்குகிறது.

இது தெரிந்தும் நான் செய்தது என்ன? ஒரு மூலைக் காலுக்கு 75 மில்லிமீட்டர் விரியும் போல்ட்டுகளைப் போட்டு இறுக்கினேன். கையால் அசைத்தால் கல் போல நின்றது. மீன் நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்றை இரவல் வாங்கி, உச்சியில் கயிறு கட்டி, எதிர்த் தூணிலிருந்து உள்பக்கமாக இழுத்தேன். 40 கிலோவிலேயே உச்சி 14 மில்லிமீட்டர் நகர்ந்தது. 55-இல் ‘டக்’ என்று ஒரு சத்தம். தரை ஓட்டின் அடியில் விரிசல்.

கழற்றிப் பார்த்ததில் இரண்டு தவறுகள் தெரிந்தன. முதலாவது, தரை ஓடு 10 மில்லிமீட்டர், அதன் அடியில் சாந்து 40. என் போல்ட்டு உண்மையான கான்கிரீட்டுக்குள் போனது 25 மில்லிமீட்டர்கூட இல்லை. மிச்சமெல்லாம் சாந்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது, தளத்தின் விளிம்பிலிருந்து 50 மில்லிமீட்டரில் துளை போட்டிருந்தேன். விரியும் போல்ட்டு பிடிப்பதே கான்கிரீட்டைப் பக்கவாட்டில் நெருக்கித்தான். விளிம்புக்குப் பக்கத்தில் நெருக்கினால் ஓரம் பிளந்துகொண்டு போகும். இறுக்க இறுக்கப் பலம் என்று நினைத்துப் பிளவைத்தான் இறுக்கியிருக்கிறேன்.

மாற்றி வைத்த விதம்: கால்களை விளிம்பிலிருந்து 120 மில்லிமீட்டர் உள்ளே தள்ளினேன். அந்த இடங்களில் மட்டும் தரை ஓட்டையும் சாந்தையும் வெட்டி எடுத்துக் கான்கிரீட்டை வெளியே கொண்டுவந்தேன். விரியும் போல்ட்டுக்குப் பதில் கெமிக்கல் ஆங்கர், அதாவது துளையில் பசை ஊற்றி ஒட்டும் 12 மில்லிமீட்டர் தண்டு, கான்கிரீட்டுக்குள் 100 மில்லிமீட்டர் ஆழம். தளத்தின் கனம் 150 என்பதால் அவ்வளவு ஆழம் போக முடிந்தது. தண்டை விடப் பெரிய வேலை துளையைத் துடைப்பது. ஊது, பிரஷ் போடு, ஊது, மறுபடி பிரஷ், மறுபடி ஊது. துளையில் தூசி இருந்தால் பசை தூசியைத்தான் பிடிக்கும், கான்கிரீட்டைப் பிடிக்காது. பசையைத் துளையின் அடியிலிருந்து நிரப்பிக்கொண்டே மேலே வர வேண்டும், இல்லாவிட்டால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். பிறகு ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை.

மறுநாள் மாலை அதே தராசு. 90 கிலோவில் உச்சி கொஞ்சம் நகர்ந்தது, விட்டதும் பழைய இடத்துக்கே வந்து நின்றது. கம்பியின் வளைவுதான் அது, காலடி அசையவில்லை. தராசின் சொந்தக்காரர், “எந்த மீனைக் கட்டி நிறுத்தீர்கள்?” என்று கேட்டார்.

ஞாயிறு 7, 8

தேக்கு. புதுப் பலகை வாங்க மனம் வரவில்லை. பழைய மரக்கடையில், இடித்த வீட்டின் நிலைக்கால்கள் இரண்டு கிடைத்தன. மேலே ஐந்தாறு பூச்சுப் பெயிண்ட். அடியில் தேன் நிறம். ஆணிகளைக் காந்தம் வைத்துத் தேடி எடுத்தேன். தப்பிய ஒரே ஓர் ஆணி இழைப்புளியின் வாயைப் பதம் பார்த்துவிட்டது.

சதுரத்தை எட்டுப் பட்டையாக்கி, எட்டைப் பதினாறாக்கி, பிறகு உப்புத்தாளால் உருட்டினேன். 80, 120, 220 என்று வரிசையாக. எந்திரத்தில் அரை மணி நேர வேலையை இரண்டு ஞாயிறு இழுத்தேன் என்று மனைவிக்கு இன்னும் குறை. கையால் உருட்டிய கைப்பிடி முழு வட்டமாக வராது என்பது உண்மை. ஆனால் தடவிப் பார்த்தால் அந்தக் கோணல் கைக்குப் பிடிக்கிறது.

சாய்ந்த கைப்பிடி மேல்தளத்தில் கிடைமட்டமாகும் இடத்தில் ஒரு மூட்டு. சாய்வு 35 பாகை, ஆகவே இரண்டு துண்டுகளையும் பதினேழரைப் பாகையில் வெட்டினால்தான் முகமும் முகமும் ஒன்றாகும். ஒன்றை மட்டும் 35-இல் வெட்டினால் ஒரு முகம் நீள்வட்டம், மற்றது வட்டம், இரண்டும் சேராது. இதைக் காகிதத்தில் தெரிந்துகொண்டேன், மரத்தில் அல்ல. அந்த ஒரு பெருமையாவது எனக்கு இருக்கட்டும்.

பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய். துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். எண்ணெய் உலரும்போது சூடாகும், சுருண்ட துணிக்குள் அந்தச் சூடு தங்கித் தானே தீப்பற்றக்கூடியது. நான் விரித்துக் காயப்போட்டுவிட்டேன்.

ஞாயிறு 9

எல்லாம் பொருத்தியாகிவிட்டது. சுவர்ப் பக்கத்திலும் ஒரு கைப்பிடி வைத்தேன், விரல் நுழைய 40 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அம்மாவின் கறுப்புப் பட்டையின் மேலேயே. ஏறும்போது ஒரு கை, இறங்கும்போது மறு கை என்பதால் இரண்டு பக்கமும் வேண்டியிருக்கிறது. மரத்தை இரும்புப் பட்டையோடு சேர்க்கும் திருகுகளுக்கு அடியிலிருந்து நீள்துளை போட்டேன், மரம் கொஞ்சம் அசைய இடம் வேண்டுமே.

அம்மா முதல் முறை இறங்கியபோது எல்லோரும் கீழே நின்று பார்த்தோம். கடைசிப் படிவரை ஒரு சிக்கலும் இல்லை. கடைசிப் படியில் முந்தானை கைப்பிடியின் நீட்டிய முனையில் மாட்டிக்கொண்டது. அவர் நின்றுவிட்டதால் தப்பித்தார். அத்தனை கணக்கும் போட்ட நான் முனையைச் சுவரோடு வளைத்து முடிக்க மறந்திருக்கிறேன். இப்போதைக்கு அங்கே ஒரு ரப்பர் பந்தைக் கீறிச் செருகியிருக்கிறேன். ‘இப்போதைக்கு’ என்றதும் மனைவி சிரித்தார்.

சவுக்குக் கம்பு கொல்லையில் வாழைக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. நிலைக்கால் துண்டில் இன்னும் ஒன்றேகால் அடி மிச்சம் இருக்கிறது. பேத்தி வருவது புதன்கிழமை. நாளை லீவு போட்டிருக்கிறேன்.