ஓரிரு சொட்டு

டைமெத்தில் மெர்குரி. நிறமே இல்லாத பாதரச நச்சுத் திரவம், தண்ணீரைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கனம். லேசான இனிப்பு வாசனையாம். முகர்ந்து பார்த்துச் சொன்ன புண்ணியவானை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

1996 ஆகஸ்ட். அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரி வேதியியல் பேராசிரியை கேரன் வெட்டர்ஹானின் கையுறை மேல் இதில் ஓரிரு சொட்டு விழுந்தது. விதிப்படி லேடெக்ஸ் (ரப்பர்) கையுறைதான் போட்டிருந்தார். ஆனால் இந்தச் சனியன் லேடெக்ஸைச் சில நொடிகளில் ஊடுருவிவிடும். அதைச் சோதித்துப் பார்த்ததே பிறகுதான்!

மாதக்கணக்கில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் நடை தள்ளாடியது, பேச்சு குழறியது, பார்வை சுருங்கியது. ரத்தத்தில் பாதரசம் நச்சு வரம்பைப்போல 20 மடங்கு. 1997 ஜூனில் இறந்தபோது வயது 48.

அதை அவர் கையில் எடுத்ததே மூலக்கூறுகளின் அமைப்பைக் காந்தப்புலத்தால் ஆராயும் என்எம்ஆர் கருவிக்கு ஒப்பீட்டுப் பொருளாக வைக்கத்தான்.