தம்பிக்கு ட்ரீட்மென்ட் ஆரம்பிச்சப்புறம் எங்களுக்கும் ஒண்ணு ஆரம்பிச்சாங்க

தம்பிக்கு ஸ்கிசோஃப்ரினியா, அதாவது இல்லாத குரல் கேக்கறது, சந்தேகப்படறதுன்னு வர்ற மனநோய்னு சொன்னப்போ எங்க கையில குடுத்தது ஒரு மருந்துச் சீட்டு, அடுத்த தடவை வர வேண்டிய தேதி, அவ்ளோதான். மாத்திரை எப்போ குடுக்கணும்னு தெரியும், வீட்ல அவன்கிட்ட எப்படிப் பேசணும்னு ஒருத்தரும் சொல்லல. அம்மா ராத்திரியெல்லாம் அவன் ரூம் வாசல்லயே படுத்துக்குவாங்க, நான் ஆபீஸ்ல இருந்து அடிக்கடி போன் போட்டு என்ன பண்றான் என்ன பண்றான்னு கேட்டுட்டு இருப்பேன், பாக்கறவங்க எல்லாம் தைரியமா இருங்கன்னு சொல்லிட்டுப் போவாங்க. அந்த தைரியத்தை வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னுதான் தெரியல.

மொத முட்டுக்கட்டை டாக்டர்கிட்டதான். அவன் பெரிய பையன், அவன் சம்மதம் இல்லாம அவன் விஷயத்தை உங்ககிட்ட பேச முடியாதுன்னுட்டார். நியாயம்தான், ஆனா கோவம் வந்துச்சு. அங்க இருந்த ஒரு நர்ஸ்தான் வழி சொன்னாங்க: டாக்டர் உங்ககிட்ட சொல்றதுக்குத்தான் தடை, நீங்க சொல்றதை அவர் கேட்டுக்க தடை இல்லையே, எழுதிக் குடுங்கன்னு. ஒரே பக்கம் எழுதினேன். எப்போ தூங்கறான், என்னென்ன சொல்றான், மாத்திரையை நாக்குக்கு அடியில வச்சிருந்து பாத்ரூம்ல துப்பறான், இவ்ளோதான், எங்க புலம்பல் எதுவும் இல்லாம. அதுக்கப்புறம்தான் டாக்டர் அவன்கிட்டயே பேசி, தினம் மாத்திரைக்கு பதிலா சில வாரத்துக்கு ஒரு தடவை போடற ஊசிக்கு மாத்தினார். அவனும் சரின்னுட்டான், தினமும் மாத்திரையை வச்சு அம்மாகூட சண்டை போட வேண்டாம்னு அவனுக்கும் நிம்மதி. பின்னாடி கொஞ்சம் தெளிவானதும் எதை எங்ககிட்ட சொல்லலாம் எதை சொல்லக்கூடாதுன்னு அவனே எழுதிக் குடுத்தான். மருந்து விஷயம் சொல்லலாம், கவுன்சலிங்ல பேசறது சொல்லக்கூடாது. இதை முன்னாடியே கேட்டு வாங்கி வச்சுக்கோங்க, நெலமை முத்துனப்புறம் கேட்டா கிடைக்காது.

அந்த நர்ஸ்தான் எங்களை சோஷியல் வொர்க்கர் மேடம்கிட்டயும் அனுப்பினாங்க. அவங்க அம்மாகிட்ட 22 கேள்வி இருக்கற ஒரு பேப்பர் குடுத்தாங்க, ஸாரிட் ஸ்கேல்னு பேரு, நோயாளியைப் பாத்துக்கறவங்களுக்கு எவ்ளோ பாரமா இருக்குன்னு அளக்கறது. மொதல்ல டிமென்ஷியா (மறதி நோய்) வந்தவங்களைப் பாத்துக்கற குடும்பங்களுக்காக வந்ததாம், இப்போ மத்த நோய்களுக்கும் எடுத்துக்கறாங்க. உங்களுக்குன்னு நேரம் இருக்கா, உடம்பு கெட்டுப்போச்சா, அவங்க பக்கத்துல இருக்கும்போது கோவம் வருதா, இப்படிப் போகும். ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 4 வரைக்கும் போடணும், அதிகபட்சம் மொத்தம் 88. அம்மா எல்லாத்துக்கும் 0 போட்டாங்க. பெத்த புள்ளையப் பாக்கறது பாரமா மேடம்னு வேற கேட்டாங்க. மேடம் பேப்பரை மடிச்சு ஓரமா வச்சுட்டு, "கடைசியா எப்போம்மா ராத்திரி முழுக்க தூங்குனீங்க?"ன்னாங்க. அம்மா யோசிச்சாங்க யோசிச்சாங்க, அப்புறம் என் மூஞ்சியப் பாத்தாங்க. அன்னிக்கே அம்மாவுக்கு பிரஷர் பாத்தாங்க, ஏறித்தான் இருந்துச்சு. எனக்கு தனியா ஒரு டாக்டரைப் பாக்கச் சொன்னாங்க, கொஞ்ச நாளா எதுலயும் மனசு ஒட்டாம இருந்ததுக்கு பேரு டிப்ரஷன்னு அங்கதான் தெரிஞ்சுது.

அப்புறம்தான் ஃபேமிலி செஷன். அங்க சொன்னதுல ஒரு விஷயம் எங்க வீட்டையே மாத்திடுச்சு. 1950கள்ல லண்டன்ல ஜார்ஜ் பிரவுன்னு ஒரு ஆராய்ச்சியாளர், மனநல ஆஸ்பத்திரியில இருந்து டிஸ்சார்ஜ் ஆனவங்க எங்க போயி தங்கறாங்கன்னு கவனிச்சிருக்கார். அப்பா அம்மாகிட்டயோ பொண்டாட்டிகிட்டயோ போனவங்க, தனியா வாடகை ரூம்ல தங்கினவங்களை விட அதிகமா திரும்பி ஆஸ்பத்திரிக்கே வந்திருக்காங்க. கேட்டதும் அம்மாவுக்கு கண்ணு கலங்கிடுச்சு, அப்போ எங்களாலதான் வந்துச்சான்னு. இல்லம்மா, நோய் வர்றதுக்கு வீடு காரணம் இல்ல, வந்த நோய் திரும்பத் திரும்பத் தலை தூக்கறதுக்கு வீட்டு டென்ஷன் ஒரு காரணமாகலாம்னு மேடம் விளக்கினாங்க. குறை சொல்லிட்டே இருக்கறது, வெறுப்பைக் காட்டறது, அப்புறம் அளவுக்கு மீறி பொத்திப் பொத்திப் பாக்கறது, மூணுமே ஆகாதாம். மூணாவது எங்க அம்மாவேதான்.

குறை சொல்றதுலயும் ஒண்ணு சொன்னாங்க. சந்தேகப்படறது, குரல் கேக்கறதெல்லாம் நோய்னு வீட்ல ஏத்துக்கிறாங்க, ஆனா குளிக்காம இருக்கறது, பகல்ல படுத்தே கிடக்கறது, எதுலயும் ஆர்வம் இல்லாதது, இதைத்தான் சோம்பேறித்தனம்னு திட்டறாங்க. அதுவும் நோயோட பாகம்தான், மாத்திரை அதுக்கு கம்மியாத்தான் வேலை செய்யும்.

பேசிப் பழகவும் வச்சாங்க. மேடம் தம்பியா நடிக்கணும், அம்மா அம்மாவாவே இருக்கணும். "ஏன்டா இன்னும் எந்திரிக்கல"ன்னு ஆரம்பிச்சாங்க அம்மா. மேடம் நிறுத்திட்டு, அவன் என்ன செஞ்சான், உங்களுக்கு எப்படி இருக்கு, என்ன வேணும், அதை மட்டும் சொல்லுங்கன்னாங்க. ரெண்டு மூணு தடவை உளறி, அப்புறம் "கண்ணா, நீ மத்தியானம் வரைக்கும் படுத்திருந்தா எனக்கு பயமா இருக்குடா, பத்து மணிக்கு எந்திரிச்சு என்கூட கொஞ்ச நேரம் உக்காருறியா"ன்னு வந்துச்சு. நாடகம் மாதிரி இருக்குன்னு அம்மா வெக்கப்பட்டாங்க, ஆனா வீட்ல போய் சொன்னப்போ அவன் எந்திரிச்சான். எல்லா நாளும் இல்ல, பல நாள்.

பக்கத்து வீட்டுக்காரன் நம்ம பேச்சை ரெக்கார்ட் பண்றான்னு அவன் சொல்லும்போது இல்லன்னு வாதாடவும் வேண்டாம், ஆமான்னு தலையாட்டவும் வேண்டாம். "எனக்கு அப்படித் தெரியலடா, ஆனா உனக்கு ரொம்ப பயமா இருக்கும் போல"ன்னு சொல்றேன். "நீயாச்சும் கத்தலையே அக்கா"ன்னான் ஒரு நாள்.

இன்னொண்ணு மணிக்கணக்கு. 1976ல வான், லெஃப்னு ரெண்டு பேர் பண்ண ஆராய்ச்சியில, டென்ஷன் அதிகமான வீட்ல வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல முகத்துக்கு முகம் இருந்தவங்களுக்கு நோய் திரும்பறது அதிகமா இருந்துச்சாம். அதனால நீங்க வெளிய போறது அவனுக்கும் மருந்துன்னாங்க. அம்மாகிட்ட நீங்க ரெஸ்ட் எடுங்கன்னு நான் தலைகீழா நின்னு சொல்லியும் கேக்கல, உங்க புள்ளைக்கு நல்லதுன்னதும் செருப்பை மாட்டிட்டு கிளம்பிட்டாங்க!

ஆனா அந்த நேரத்துல வீட்ல யாராவது இருக்கணுமே. ஏதாவது வேணும்னா சொல்லுங்கன்னு சொந்தக்காரங்க சொல்றதை நம்பி சும்மா இருந்தா ஒண்ணும் நடக்காது, நான் நேராவே கேட்டேன். சித்தப்பா, வியாழக்கிழமை சாயங்காலம் ரெண்டு மணி நேரம் வந்து அவன்கூட கேரம் ஆடுவீங்களான்னு. உடனே சரின்னார். அத்தைகிட்டயும் கேட்டேன், பயமா இருக்கும்மான்னாங்க, அதுக்கு மேல வற்புறுத்தல. மருந்துக்கடைக்குப் போற வேலையை வாங்கிக்கிட்டாங்க.

அவன் நல்லா இருந்த ஒரு வாரத்துல மூணு பேரும் உக்காந்து ஒரு பேப்பர் எழுதினோம். நோய் திரும்பப் போகுதுன்னா மொதல்ல என்ன மாறும்? அவனே சொன்னான், தூக்கம் போகும், போனை சுவிட்ச் ஆஃப் பண்ணுவேன், ஜன்னலை சாத்திக்குவேன்னு. ரெண்டு ராத்திரி தூங்கலன்னா ஆஸ்பத்திரிக்கு போன். என்னென்ன மருந்து, எது ஒத்துக்கல, யார் பேசினா கேப்பான், யாரைக் கூப்பிடக்கூடாது எல்லாம் அதுல இருக்கு. சாகணும் போல இருக்கான்னு நேராவே கேளு அக்கான்னு அவன் சொன்னதையும் எழுதினோம். கேட்டா அந்த எண்ணத்தைக் கிளப்பி விட்டுடும்னு பயந்துட்டு இருந்தேன், அப்படி ஆகாதுன்னு மேடமும் உறுதியா சொன்னாங்க.

இப்போ ஊசி ஒழுங்கா போகுது, வெயிட் போடுதேன்னு அவனுக்கு ஒரே எரிச்சல், அதுக்கு டாக்டர்கிட்ட பேசிட்டு இருக்கோம். அம்மா அவங்க ரூம்லயே படுக்கறாங்க. அம்மாவுக்கு அப்புறம் அவனை யார் பாக்கறது, எங்க இருக்கறதுங்கற பேச்சை மட்டும் நாங்க இன்னும் எடுக்கல, அடுத்த செஷன்ல அதைப் பேசலாம்னு மேடம் சொல்லியிருக்காங்க, தம்பியையும் பக்கத்துல உக்கார வச்சுத்தான்.