ஒரு வினைச்சொல்லுக்காக ஆஸ்டின் வரை போன கதை

2017 ஜனவரி. மகள் ஒன்பதாம் வகுப்பு. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஹூஸ்டனுக்கு மேற்கே ஓர் அரசுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் ராத்திரி தயிர்சாதத்தைக் கிளறிக்கொண்டே, "இன்னைக்கு எவல்யூஷன் ஆரம்பிச்சாங்கம்மா. 'நம்பணும்னு இல்ல, பரீட்சைக்குத் தெரிஞ்சா போதும்'னு மிஸ் சொன்னாங்க" என்றாள். அவளுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை.

நான் பாளையங்கோட்டையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தவள். எங்களுக்கு டார்வினின் பரிணாமக் கொள்கையை நடத்தியது ஒரு சிஸ்டர். மணி அடித்ததும் எல்லோரும் எழுந்து ஜெபம் சொல்வோம். ஆமென் சொன்ன கையோடு சிஸ்டர் கரும்பலகையில் ஒட்டகச்சிவிங்கி வரைய ஆரம்பிப்பார். கழுத்தை நீட்டி நீட்டி நீளமானது என்றவர் லாமார்க், கழுத்து நீண்டவை பிழைத்துப் பெருகின என்றவர் டார்வின், இரண்டையும் குழப்பினால் மதிப்பெண் போச்சு. அவ்வளவுதான். நம்புகிறாயா இல்லையா என்று யாரும் கேட்டதில்லை. நியூட்டன் விதிகளை நம்புகிறாயா என்று யாராவது கேட்பார்களா? அதனால் மகள் சொன்ன அந்த ஒரு வரி எனக்குப் புரியவே இல்லை.

பள்ளிக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். நாலு நாள் கழித்து வந்த பதிலும் மரியாதையாகத்தான் இருந்தது. நாங்கள் மாநிலத்தின் டீக்ஸ் படி நடத்துகிறோம், அதில் கருத்து இருந்தால் மாநிலக் கல்வி வாரியத்தை அணுகலாம் என்று எழுதியிருந்தார்கள். டீக்ஸ் என்பது எந்த வகுப்பில் எதைக் கற்பிக்க வேண்டும் என்று டெக்சஸ் மாநிலம் வகுத்திருக்கும் பாடத்தர வரையறை. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு அதுதான் அடிப்படை. பாடநூலும் பரீட்சையும் அதை ஒட்டித்தான் வரும்.

அதை முடிவு செய்கிறவர்கள் 15 பேர். இங்கே வந்து பதினாலு வருடம் ஆகியும் எனக்குத் தெரியாமல் இருந்தது, அந்த 15 பேரும் தேர்தலில் நின்று ஜெயித்து வருகிறவர்கள் என்பதுதான். விஞ்ஞானியாகவோ ஆசிரியராகவோ இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2009-இல் வாரியத் தலைவராக இருந்த டான் மெக்லராய் ஒரு பல் மருத்துவர். "யாராவது இந்த நிபுணர்களை எதிர்த்து நின்றாக வேண்டும்" என்று கூட்டத்திலேயே சொன்னவர். நாங்கள் குடியுரிமை வாங்கி, அதிபர் தேர்தலுக்கு ஒழுங்காக ஓட்டுப் போட்டோம். அதே சீட்டில் கீழே இருக்கும் கல்வி வாரியப் பெயர்களை நான் ஒருமுறைகூடப் படித்ததில்லை.

சரி, படிப்போம் என்று உட்கார்ந்தேன். அந்த வருடம் அறிவியல் டீக்ஸைச் சுருக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. பாடம் அளவுக்கு மீறி இருக்கிறது, எதையெல்லாம் குறைக்கலாம் என்று சொல்ல ஆசிரியர்களும் பேராசிரியர்களும் கொண்ட குழு போட்டிருந்தார்கள். அவர்களுடைய வரைவு இணையத்தில் இருந்தது. அதில் அடித்திருந்த பகுதிகளில் எங்காவது கடவுளோ, பைபிளோ, படைப்போ வருகிறதா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. இருந்ததெல்லாம் இப்படித்தான்: செல்லின் சிக்கலான அமைப்பு பற்றிய அறிவியல் விளக்கங்களை மாணவர் 'அனலைஸ் அண்ட் எவாலுவேட்' செய்ய வேண்டும். புதைபடிவங்களில் சில உயிரினக் கூட்டங்கள் திடீரெனத் தோன்றுவது பற்றிய விளக்கங்களையும் அப்படியே. அலசிப் பார், சரியா தவறா என்று எடைபோட்டுத் தீர்ப்புச் சொல். கேட்க நன்றாகத்தானே இருக்கிறது, இதில் என்ன தகராறு என்றுதான் முதலில் நினைத்தேன்.

பிறகுதான் பழைய வழக்குகளைப் படித்தேன். பரிணாமம் கற்பிப்பதைத் தடை செய்த அர்கன்சாஸ் சட்டத்தை 1968-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பரிணாமம் கற்பித்தால், உயிர்களைக் கடவுள் படைத்தார் என்பதை அறிவியலாகச் சொல்லும் 'படைப்புவாத அறிவியலையும்' சரிசமமாகக் கற்பி என்ற லூசியானா சட்டம் 1987-இல் போனது. பெயரை மாற்றி, உயிர்களை ஓர் அறிவு திட்டமிட்டு வடிவமைத்தது என்னும் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்று கொண்டுவந்தார்கள். பென்சில்வேனியாவின் டோவரில் 2005 டிசம்பரில் அதுவும் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தோற்றது. ஒவ்வொரு தோல்விக்கும் பிறகு சொற்கள் இன்னும் மென்மையாகின்றன. டெக்சஸில் கொள்கைகளின் 'பலமும் பலவீனமும்' கற்பிக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. 2009-இல் அதை எடுத்தார்கள். எடுத்த கையோடு, பரிணாமத்தின் மேல் சந்தேகம் கிளப்ப இடம் தரும் செல்லின் சிக்கல் பற்றிய வரியையும் புதைபடிவ வரியையும் உள்ளே வைத்தார்கள். அதனால் 2017-இல் அந்த அறைக்குள் யாரும் ஆதாம் ஏவாள் என்று வாய் திறக்கப் போவதில்லை. சண்டை முழுக்க 'எவாலுவேட்' என்ற ஒரு வினைச்சொல்லின் மேல்.

முதல் வாய்ப்பை நான் கோட்டை விட்டேன். வாரியத்தின் முன்னால் பேச வேண்டுமென்றால் முன்பதிவு செய்ய வேண்டும். அப்போதெல்லாம் கூட்டத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை பதிவு திறந்து, திங்கள் மாலையோடு மூடிவிடும். நான் திங்கள் ராத்திரி பாத்திரமெல்லாம் கழுவிவிட்டு நிதானமாக மடிக்கணினியைத் திறந்தேன். அந்தப் பிப்ரவரிக் கூட்டத்தின் முதல் வாக்கெடுப்பில், குழு நீக்கச் சொன்ன சிலவற்றை வாரியம் வேறு வார்த்தைகளில் திரும்பச் சேர்த்துக்கொண்டது. இறுதி வாக்கெடுப்பு ஏப்ரலில். இந்த முறை கைப்பேசியில் மூன்று அலாரம் வைத்தேன். நான் பதிவு செய்த நாள் ஏப்ரல் 14. நமக்குப் புத்தாண்டு, அவர்களுக்குப் புனித வெள்ளி. வேப்பம்பூ கிடைக்காமல் வைத்த மாங்காய்ப் பச்சடி அடுப்பில் இருந்தது.

பேச்சை எழுதுவதுதான் பெரும்பாடு. ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம்தான், கூட்டம் அதிகமானால் தலைவர் இன்னும் குறைக்கலாம். என் முதல் வரைவு 1925-இல் டென்னசியின் டேட்டன் ஊரில், பரிணாமம் கற்பித்ததற்காக ஜான் ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் அபராதம் போட்ட கதையில் ஆரம்பித்தது. நடுவில் தசாவதாரம் வேறு. மீன், ஆமை, பன்றி, பாதி மிருகம் பாதி மனிதன் என்று வரிசையாக.

எங்கள் தமிழ்ப் பள்ளியில் என்னோடு வகுப்பு எடுக்கும் அக்கா ஒருவர், இங்கே அரசுப் பள்ளியில் இருபது வருடமாக உயிரியல் ஆசிரியை. அவரிடம் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "ஏம்மா, ஸ்கோப்ஸ் யாருன்னு அவங்களுக்குச் சொல்லிக் குடுக்கவா மூணு மணி நேரம் வண்டி ஓட்டிட்டுப் போற?" என்றார். தசாவதாரத்தைப் பேனாவால் ஒரே இழுப்பாக அடித்தார். "அவங்க அவங்க வேதத்தைக் கொண்டு வந்தா தப்பு, நீ உன்னோடதக் கொண்டு போனா மட்டும் சரியா?" எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அவர் சொன்னது நியாயம்.

"உன் பொண்ணோட கிளாஸ் எத்தனை நிமிஷம்? அதைப் பேசு" என்றார் அக்கா. அதைத்தான் எழுதினேன். ஒரு வகுப்பு சுமார் 50 நிமிடம். வருகைப் பதிவும் வீட்டுப்பாடமும் போக மிஞ்சுவது 40. செல் எப்படி இவ்வளவு சிக்கலானது என்பதற்கான விளக்கங்களை எடைபோட வேண்டுமானால் உயிர்வேதியியல் தெரிந்திருக்க வேண்டும். அது கல்லூரிப் பாடம். பதினாலு வயதுப் பிள்ளை எதை வைத்துத் தீர்ப்புச் சொல்லும்? ஆசிரியருக்கு இரண்டே வழி. ஒன்று, அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார். இல்லையென்றால் இணையத்தில் கிடைத்ததை எடுத்து நடத்துவார், அது யார் எழுதியதாக இருந்தாலும். அதனால் உங்கள் குழு சொன்னபடியே நீக்கிவிடுங்கள். சமையலறை டைமரை வைத்துப் படித்துப் பார்த்தேன். 1 நிமிடம் 50 நொடி.

உறுப்பினர்களுக்கும் அலுவலர்களுக்கும் கொடுக்க முப்பதுக்கு மேல் பிரதி எடுத்துக்கொண்டு, வாரியம் கூடும் மாநிலத் தலைநகர் ஆஸ்டினுக்கு விடியற்காலையில் கிளம்பினேன். ஐ-10 நெடுஞ்சாலையில் போய் கொலம்பஸ் ஊரில் 71-ஆம் சாலைக்கு மாறினால், ஏப்ரல் மாதத்தில் சாலையின் இரு பக்கமும் புளூபானட் பூத்துக் கிடக்கும். ரசிக்கிற மனநிலையில் நான் இல்லை. பாஸ்ட்ராப் ஊரில் பக்கீஸ் பெட்ரோல் பங்குக் கடையில் காபி வாங்கி, வண்டிக்குள்ளேயே இன்னொரு முறை சத்தமாகப் படித்தேன். பக்கத்து வண்டிக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

கூட்ட அறையில் எனக்குப் பக்கத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர், மடியில் வெள்ளைத் தொப்பி, தொப்பிக்குள் கோப்பு. எண்ணெய் கம்பெனியில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 'எவாலுவேட்' இருக்க வேண்டும் என்று பேச வந்தவர். பல வருடமாக வருகிறாராம். எனக்கு இது முதல் தடவை என்றதும், மைக்கைக் கிட்டத்தில் இழுத்துக்கொள்ளுங்கள், நேரம் காட்டும் விளக்கைப் பார்க்காதீர்கள், பதற்றம் வரும் என்று சொல்லிக் கொடுத்தார். இருமல் மிட்டாய் ஒன்றும் தந்தார். என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "நீங்களும் கடவுளை நம்புகிறவர்தானே, பிறகு ஏன் அந்தப் பக்கம்?" என்று கேட்டார். சண்டைக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. எனக்கு டார்வினை நடத்தியது ஒரு கிறிஸ்தவக் கன்னியாஸ்திரி என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "கத்தோலிக்கரா?" என்றார். ஆமாம் என்றேன். எல்லாம் விளங்கியது போலத் தலையாட்டினார்.

பெயர் கூப்பிட்டபோது கால் நடுங்கியது. பாதி பேசியதும் குரல் வந்துவிட்டது. விளக்கைப் பார்க்காதே என்றால் கண் அங்கேதான் போகிறது, கடைசி இரண்டு வரியை ரயிலைப் பிடிக்க ஓடுகிறவள் மாதிரி சொல்லி முடித்தேன். ஓர் உறுப்பினர் கேட்டார்: மாணவர்கள் சுயமாகச் சிந்திக்க வேண்டாம் என்கிறீர்களா? இதற்கு நான் தயாராகப் போகவில்லை. "சிந்திக்கட்டும். ஆனால் தராசு கொடுக்காமல் எடைபோடச் சொல்லாதீர்கள்" என்று தமிழில் மனதுக்குள் வந்ததை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அது ஆங்கிலத்தில் எப்படி ஒலித்ததோ, அவர் நன்றி சொல்லிக் குனிந்து எதையோ எழுதினார். அவ்வளவுதான். இதற்காகத்தான் மூன்று மாதம்.

வெள்ளிக்கிழமை வாக்கெடுப்பை அலுவலகத்தில் ஒரு காதில் மாட்டிக்கொண்டு நேரலையில் பார்த்தேன். ஒருமனதாக நிறைவேறியது. அந்த வரிகளில் 'எவாலுவேட்' போய்விட்டது. ஆனால் வரிகள் போகவில்லை. செல்லின் சிக்கல் பற்றிய விளக்கங்களை ஒப்பிட்டு வேறுபடுத்த வேண்டும், புதைபடிவத்தில் திடீரெனத் தோன்றுவது பற்றியதை 'எக்ஸாமின்' செய்ய வேண்டும், அதாவது ஆராய்ந்து பார்த்தால் போதும். தீர்ப்புச் சொல்ல வேண்டாம். நான் கேட்டது முழுக்க நீக்கச் சொல்லி. கிடைத்தது பாதி. அந்த வெள்ளைத் தொப்பிக்காரரும் இதையேதான் வீட்டில் சொல்லியிருப்பார் என்று தோன்றியது.

மகளிடம் சொன்னேன். "அப்போ மிஸ் இனிமே 'நம்பணும்னு இல்ல'னு சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டாள். அதை எந்த டீக்ஸும் தடுக்காது என்றேன். "புதுசு எப்போலேர்ந்து வரும்?" 2018-19 கல்வியாண்டிலிருந்து. அவள் விரலை மடக்கிப் பார்த்தாள். அதற்குள் உயிரியல் முடித்து வேதியியலையும் தாண்டியிருப்பாள். "எனக்கே இல்லையா!" என்று சிரித்துவிட்டு, மேசையில் மீதிக் கிடந்த என் பேச்சின் பிரதிகளை எடுத்துப் பின்பக்கத்தில் அல்ஜீப்ரா போட ஆரம்பித்தாள்.