26 நிமிட நாஸ்

அமெரிக்க ராப் பாடகர் நாஸ் 2018 ஜூன் 15 அன்று வெளியிட்ட 'நாசிர்' ஆல்பத்தில் மொத்தம் ஏழு பாட்டு, 26 நிமிடம். அவருடைய முந்தைய ஆல்பம் 2012இல் வந்தது. இடையில் ஆறு வருடம் காத்திருந்தோம். வந்த வாரமே, வேலை முடிந்த பிறகு ஸ்டுடியோவின் பெரிய ஸ்பீக்கரில் போட்டு இரண்டு தடவை கேட்டேன். மனசு விட்டுப்போனது.

நீளம் குறைவு என்பதல்ல என் வருத்தம். 1994இல், 20 வயதில் அவர் தந்த 'இல்மேட்டிக்' 40 நிமிடம்தான். அதில் ஒரு வரியைக்கூட வெட்ட முடியாது. நாசிருக்கு மூன்று வாரம் முன்பு வந்த, இன்னொரு ராப்பர் புஷா டியின் 'டேடோனா' இன்னும் சின்னது, 21 நிமிடம். அது முழுசாக நிற்கிறது. நாசிர், டேடோனா இரண்டுக்கும் இசை ராப்பரும் தயாரிப்பாளருமான கான்யே வெஸ்ட்தான். அந்தக் கோடையில் அவர் வாரத்துக்கு ஒன்றாக ஐந்து ஆல்பங்களைக் கொண்டுவந்தார். நாஸுடையது நான்காவது.

பதிவான குரலையும் இசையையும் அளவாகக் கலக்கும் மிக்சிங் வேலையில் இருப்பதால், எந்தப் பாட்டைக் கேட்டாலும் குரல் பீட்டோடு, அதாவது பின்னணித் தாள இசையோடு, சேர்ந்து வளர்ந்ததா, முடிந்த பீட்டின் மேல் வந்து ஒட்டியதா என்று காது தேடும். பாடுபவர் வரிகளைப் பல நாள் வாயில் போட்டுப் பழகியிருந்தால், மூச்சு சரியான இடத்தில் விழும். ஃபோனைப் பார்த்துப் படித்தால், வரி முடிவில் குரல் லேசாகத் தொங்கும். குரலின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கம்ப்ரசரை எப்படித் திருப்பினாலும் அது நிமிராது. எங்களிடம் வரும் பல வேலைகளில் வெளியீட்டுத் தேதியின் போஸ்டர் முதலில் வந்துவிடும், பாடகர் கடைசியாக வருவார். 'எவ்ரிதிங்' பாட்டில் எனக்கு அந்தத் தொங்கல் கேட்டது. ஏழு நிமிடத்துக்கும் மேல் ஓடும் அந்தப் பாட்டில் கான்யேயும் பாடகர் த-ட்ரீமும் பாடும் பல்லவிதான் நினைவில் நிற்கிறது. நாஸ் குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசியைச் சந்தேகிக்கிறார். தான் வளர்ந்த நியூயார்க்கின் குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பைத் தெருத் தெருவாகக் கண்முன் நிறுத்திய மனிதரிடம் இதை நான் எதிர்பார்க்கவில்லை.

'காப்ஸ் ஷாட் த கிட்' பாட்டில் பழைய ராப்பர் ஸ்லிக் ரிக்கின் குரல் துண்டு ஒன்று லூப்பாகத் திரும்பத் திரும்ப ஓடுகிறது. எண்ணம் பலமானது, போலீஸ் சுட்ட பிள்ளையின் செய்தி இப்படித்தான் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் பேசும் குரலுக்கு அடியில் இன்னொரு பேசும் குரல் ஓடினால், இரண்டும் ஒரே அலைவரிசையில் முட்டும். லூப்பின் நடு அலைவரிசைகளை ஈக்யூவில், அதாவது ஒலியின் அலைவரிசைகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவியில், குறைக்க வேண்டும், அல்லது ராப் வரும்போது அதைத் தணிக்க வேண்டும். இரண்டும் போதுமான அளவு நடந்ததாக என் காதுக்குப் படவில்லை. சொல்ல வந்தவரின் சொல்லே அமுங்கிப்போகிறது.

'ஆடம் அண்ட் ஈவ்' மட்டும் விதிவிலக்கு. ஈரானியப் பாடகர் கூரோஷ் யக்மாயியின் 'கோலே யக்' மெட்டின் மேல் நாஸ் அவசரமில்லாமல் நடக்கிறார். பழைய நாஸ்.

அவரிடம் சரக்கு தீரவில்லை என்பது 2020இல் தெரிந்தது. ஹிட்-பாய் என்ற ஒரே தயாரிப்பாளரோடு உட்கார்ந்து 'கிங்ஸ் டிசீஸ்' செய்தார்; 2021இல் அதற்குத்தான் அவருடைய முதல் கிராமி இசை விருது கிடைத்தது. 2023க்குள் இருவரும் சேர்ந்து ஆறு ஆல்பம்.

இப்போது யாராவது தேதியைக் குறித்துக்கொண்டு வந்தால், பாடுபவருக்கு வரிகள் மனப்பாடமா என்று முதலில் கேட்கிறேன். இல்லையென்றால் குரல் பதிவை இரண்டு நாள் தள்ளி வைக்கச் சொல்கிறேன். சிலர் ஒப்புக்கொள்கிறார்கள்.