ஷெவெல்லுக்கு பிரேக் மாற்றிய கதை

காரேஜில் என் 1970 ஷெவர்லே ஷெவெல் மாலிபுவைப் பார்க்கிற எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எஸ்எஸ்ஸா?" இல்லை. எஸ்எஸ் என்பது ஷெவெல்லின் வேகமான, விலை கூடிய ரகம்; 450 குதிரைத்திறன் கொண்ட எல்எஸ்6 எஞ்சினோடு எஸ்எஸ் 454 வந்த வருடம் அது. என்னுடையது சாதா மாலிபு. 307 கன அங்குல வி-8, 200 குதிரைத்திறன், இரண்டே கியர் உள்ள பவர்கிளைடு என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அந்த வருடம் எஸ்எஸ் என்பது ஆப்ஷன் பேக்கேஜ் மட்டுமே என்பதால், வண்டியின் அடையாள எண்ணை (விஐஎன்) வைத்து அது எஸ்எஸ்ஸா என்று சொல்ல முடியாது. பேட்ஜை ஒட்டி விலையை ஏற்றுகிறவர்கள் நிறைய. எனக்கு விற்றவரும் லேசாக அப்படி ஒரு பிட்டைப் போட்டுப் பார்த்தார். பெட்ரோல் டேங்கைக் கழற்றியபோது அதன் தலையில் ஒட்டியிருந்த பில்ட் ஷீட், அதாவது வண்டியில் என்னென்ன பொருத்த வேண்டும் என்று தொழிற்சாலையில் எழுதிய தாள், கிடைத்தது. பாதியை எலி தின்றிருந்தது. மிச்சமிருந்த பாதியில் 307 என்று தெளிவாக இருந்தது.

மிச்சிகனில் பனிக்காலம் முழுக்கச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். போதாக்குறைக்கு இந்த வண்டிக்கு வினைல் கூரை வேறு. அதை உரித்ததும் பின்கண்ணாடியைச் சுற்றித் துருப்பிடித்த தகட்டில் ஸ்க்ரூடிரைவர் பிஸ்கட்டில் இறங்குவது போல இறங்கியது. வெட்டுவது, தகடு வைப்பது, வெல்டிங், உரசுவது என்றே இரண்டு குளிர்காலம் போனது. அதில் சொல்ல ஒன்றுமில்லை, முதுகுவலியைத் தவிர.

எஞ்சினை எழுப்பியது சுவாரசியமான வேலை. சிலிண்டர்களில் எண்ணெய் ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டு, கையால் சுற்றிப் பார்த்தேன், சுற்றியது. 1-8-4-3-6-5-7-2 என்ற பற்றவைப்பு வரிசையை ஃபோன் நம்பர் மாதிரி மனப்பாடம் செய்து வயர்களை மாட்டினேன். சாவியைத் திருகினால் கார்புரேட்டர் வழியாக டமார் என்று ஒரு வெடி. பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது. முதல் பிஸ்டன் ஒரு சுழற்சியில் இரண்டு முறை மேலே வரும்: அமுக்கும்போது ஒரு தரம், புகையைத் தள்ளும்போது ஒரு தரம். பொறி விழ வேண்டியது முதலாவதில்; நான் இரண்டாவதைப் பிடித்து, பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கியிருந்தேன். உருவி, அரைச்சுற்று திருப்பிப் போட்டதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

உடனே நண்பர்கள் ஆரம்பித்தார்கள்: பெரிய 350 எஞ்சின் போடு, புதுத் தலைமுறை எல்எஸ் எஞ்சின் போடு. தெருவை ஒரு சுற்று சுற்றியபோதே என் முடிவு வேறு. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். மிதித்தால் ஒன்றரை டன் வண்டி இடதுபக்கம் இழுத்தது. ஆகஸ்டில் உட்வர்ட் அவென்யூவில் நடக்கும் டிரீம் குரூஸ் என்ற பழைய கார் ஊர்வலத்துக்குக் கொண்டுபோக ஆசை. அங்கே வேகத்துக்கு எங்கே இடம்? நின்று நின்று ஊர்வதுதான். எஞ்சினுக்கு ஒதுக்கிய பணத்தில் முன்பக்க டிஸ்க் பிரேக் கிட் வாங்கினேன்.

சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிண்டிலும் மாற வேண்டும். அதைக் கழற்றும்போது முன் ஸ்பிரிங் அமுக்கத்தில் இருக்கும், தெறித்தால் ஆளையே கொன்றுவிடும். ஆகவே ஜாக்கை, ஸ்பிரிங்கைத் தாங்கும் கீழ்க்கைக்கு (கன்ட்ரோல் ஆர்ம்) அடியில் கொடுத்து, ஸ்பிரிங்கைச் சங்கிலியால் சட்டத்தோடு கட்டி, ஸ்பிண்டிலை அந்தக் கையோடு இணைக்கும் பால் ஜாயின்ட் நட்டை முழுக்கக் கழற்றாமல் சில மரை விட்டுத்தான் சுத்தியலால் தட்டினேன். பெடலை மிதித்ததும் பிரேக் எண்ணெயை அழுத்தித் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டரையும் தூக்கிவிட்டு வேறு போட்டேன். டிரம்முக்கானது குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கி வைக்கும், அதனால் டிஸ்க் உரசிக்கொண்டே இருக்கும்.

எல்லாம் முடிந்தது. மனைவி உள்ளே உட்கார்ந்து மிதிக்க, நான் கீழே படுத்து, குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றும் பிளீடர் திருகைத் திறந்து மூட, "மிதி... பிடி... விடு" என்று ஒரு முழுச் சனிக்கிழமை. பாட்டில் பாட்டிலாக பிரேக் எண்ணெய் போனது. குமிழி வருவது நின்றுவிட்டது. பெடல் மட்டும் பஞ்சுமாதிரி அமுங்கியது. "உனக்கே தெரியுமா நீ என்ன பண்றேன்னு?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் கிட்டோடு வந்த தாளில் படத்தைப் பார்த்தேன். படத்தில் பிளீடர், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் மேல்பக்கம். என் வண்டியில் கீழ்ப்பக்கம். இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறேன்! இரண்டும் கச்சிதமாகப் பொருந்துகின்றன, அதுதான் வினை. காற்று மேலே தங்க, நான் கீழேயிருந்து எண்ணெயை மட்டும் வடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். மாற்றிப் போட்டேன். கெஞ்சி அவளை மறுபடி உட்கார வைத்தேன். இருபது நிமிடத்தில் பெடல் கல்லாகிவிட்டது.

இப்போது மிதித்தால் நேராக நிற்கிறது. நின்ற இடத்தில் பவர்கிளைடு கொஞ்சம் எண்ணெய் சொட்டுகிறது. அடியில் ஒரு அட்டையைப் போட்டு வைத்திருக்கிறேன்.